முறை வீடு

செங்கழுநீர்த் தெருவில் குடிக்காதவர்களுக்குப் போதை ஏறத் தொடங்கியது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில். தெருக்கோடியில் மூடிக்கிடந்த ரைஸ்மில் கட்டடத்தில் திருக்காமு காய்ச்சிய பீரின் முதல் பீப்பாய் அன்றைக்கு அதே நேரத்தில்தான் திறக்கப்பட்டது என்பதை ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை, திருக்காமுவைத் தவிர.

முதலில் ஏறியது தனபாக்கியத்துக்கு. வரிசையில் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள், பிறகு தன் நிழலைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு கூழை வாங்கித் தன் தலையிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். புருஷன் சிவக்கொழுந்தைச் சாராயத்துக்குக் கொடுத்துவிட்டுப் பதினாறு வருஷமாக ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள் அவள், இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவாள். அவள் வாயருகே குனிந்த பெண்களுக்கு வெற்றிலை வாசனை தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குள் குனிந்தவர்களே கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். பூசாரி கரண்டியால் வேப்பமரத்துக்குக் கூழ் ஊட்டினார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பதினாறாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து பாடினார். ஆத்தா வந்துவிட்டாள் என்று சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆனால் ஆத்தா வந்தால் குறி சொல்வாள், கோபப்படுவாள், எலுமிச்சம்பழம் கேட்பாள். இவர்கள் சும்மா சிரித்தார்கள், சும்மா அழுதார்கள், ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து பழைய வரப்புச் சண்டைகளுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். குழந்தைகளை மட்டும் அது தொடவில்லை. பிள்ளைகள்தான் அன்றைக்குப் பெரியவர்களைக் கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள்.

அதே நேரம் மில்லுக்குள் திருக்காமுவும் அந்துவானும் ஆளுக்கு நாலு பெரிய கிளாஸ் குடித்து முடித்திருந்தார்கள். அந்துவான் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வழுக்கையோடும் பென்ஷனோடும் திரும்பி வந்தவன், ஆலைக்குப் பணம் போட்டவன். திருக்காமு இருபத்தாறு வருஷம் ஒரு பெரிய பீர் கம்பெனியில் தொட்டிகளுக்கு நடுவே வேலை பார்த்தவன், ஒரே ருசியை லட்சம் பாட்டிலில் அடைத்து அடைத்து நாக்கே மரத்துப்போனவன். ஐம்பத்து மூன்றாவது வயதில் வேலையை விட்டு, பார்லியோடு கறுப்புக் குறுவை அரிசியைச் சேர்த்து, மில் கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சிய முதல் பீர் அது. நுரை தயிர்போல நின்றது. அடியில் வைக்கோல் வாசனை, அதற்கும் அடியில் முதல் மழை விழுந்த களத்தின் வாசனை.

“டேய் காமு, நல்லா இருக்குதுடா,” என்றான் அந்துவான். “ஆனா ஏற மாட்டேங்குதே. தண்ணி ஜாஸ்தி கலந்துட்டியா?”

திருக்காமு அளந்து பார்த்தான். சாராயச் சத்து இருக்கவேண்டிய அளவுக்கு இருந்தது. அவன் எழுந்து, மில் சாக்கடையின் ஒரு சாண் அகலச் சுவர்மீது ஏறி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கை விரிக்காமல் நடந்தான். கோடியில் நின்று நிமிர்ந்தபோது ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. தன் பெரியப்பா மகனின் மனைவி, தன் தனபாக்கியம் அண்ணி, தலையெல்லாம் கூழ் வழிய, ஆறு வயதுப் பெண்ணொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடிப் போவதைப் பார்த்தான்.

பீருக்குக் குறுவை என்று பேர் வைத்தார்கள். புதுச்சேரி ஓட்டல்களுக்குப் பெட்டி பெட்டியாகப் போனது. பெட்டி போன நாளெல்லாம் ஆறரை மணிக்குமேல் தெரு தள்ளாடியது. ஒரு திங்கட்கிழமை லாரி பழுதாகிப் பெட்டி போகவில்லை, அன்று தெரு தெளிவாக இருந்தது. மறுநாள் இரண்டு நாள் சரக்கு சேர்ந்து போக, தபால்காரர் தன் சைக்கிளை மடியில் வைத்துத் தாலாட்டினார். திருக்காமு மில்லின் மேல்ஜன்னலில் நின்று இதையெல்லாம் பார்த்தான். ஐந்தாவது நாளே அவனுக்குப் புரிந்துவிட்டது: இந்தப் பீரைக் குடிக்கிறவனுக்கு ருசி மட்டும்தான் கிடைக்கிறது, ஏறவேண்டியது இங்கே வந்து இறங்குகிறது. புரிந்த பிறகும் முப்பத்தைந்து நாள் அவன் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தான், பௌர்ணமி போகட்டும் என்றிருந்தான், புதுத் தொட்டி வந்து இறங்கட்டும் என்றிருந்தான். மற்றதையெல்லாம் அவன் தனக்குத்தானே எப்படியாவது சொல்லிச் சமாளித்துக்கொள்வான். அந்த முப்பத்தைந்து நாட்கள் மட்டும் தொண்டையில் மீன்முள்போல நின்றுகொண்டன.

தெரு தானாகவே கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர் ஏகாம்பரம், சாத்தம்பாக்கம் ஏரியின் நீர்கட்டி, எந்த வயலுக்கு எந்த நாழிகையில் மடையைத் திறப்பது என்று நாற்பது வருஷமாக முறை பிரித்துக் கொடுக்கிறவர். பீர் வடித்து மிஞ்சும் சக்கை மாட்டுக்கு நல்ல தீனி என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் மில் வாசலில் அவர் கை நீட்டி ஒரு பிடி வாங்கிப் பார்த்தார். அன்று சாயங்காலம் தெருவின் மொத்தப் போதையும் அவர் ஒருவர்மேல் இறங்கியது. முப்பது வீடுகள் நிம்மதியாகச் சமைத்துச் சாப்பிட, ஏகாம்பரம் ஏரிக்கரையில் படுத்துக்கொண்டு மீன்களைப் பேர்சொல்லிக் கூப்பிட்டார். மறுநாள் தலைமையாசிரியர் வாங்கிப் பார்த்தார், அவர்மேல் இறங்கியது. மூன்றாம் நாள் தெரு மொத்தமும் மில் வாசலுக்கு வந்தது. தொட்டிகளை உடைக்கப்போகிறார்கள் என்று திருக்காமு சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உடைத்துவிட்டால்கூட நல்லதுதான் என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது.

“உன் பீரு குடிக்கிறவன் போதை எங்க தெருவுல வந்து எறங்குது போலிருக்குது, தம்பி,” என்றார் ஏகாம்பரம். “எப்படி, ஏன்னு கேக்க வரல. முறை வச்சிக்கலாமான்னு கேக்க வந்தோம்.”

“முறையா?”

“சக்கைய ஒரு பிடி கையில வாங்கினவன் வூட்டுக்கு அன்னிக்கி முழுசும். மத்தவன் வூட்டுக்கு ஒண்ணும் கிடையாது. முப்பத்தோரு வூடு, மாசத்துக்கு ஒரு நாளு. ஏரித் தண்ணிக்கு வைக்கலியா? அதுமாரிதான்.”

திருக்காமு அப்போது சொல்லியிருக்கவேண்டும். எனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொல்லியிருக்கவேண்டும், வேண்டாம், நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லியிருக்கவேண்டும். அவன் சொன்னது, “அப்ப எங்க வூட்டையும் சேத்துக்குங்க,” என்பதுதான், அதையும் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத குரலில்.

“உனக்கெதுக்கு? உன் நாக்கு தெளிவா இருந்தாத்தான் பீரு பீரா இருக்கும்,” என்றார் ஏகாம்பரம். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தன்மீது பிரியமுள்ளவர்கள் அப்படிச் சொன்னபோது, மறுத்துப் பேச ஒரு மூச்சு இழுத்து, அந்த மூச்சை அப்படியே வெளியே விட்டுவிட்டான்.

இப்படித்தான் அது தெருவின் வழக்கமாயிற்று. முறை வீட்டின் வாசலில் அன்று காலையிலேயே ஒரு வேப்பிலைக் கொத்து செருகப்படும். அந்த வீட்டு அரிவாள்மணையும் கத்தியும் பக்கத்து வீட்டுக்குப் போகும், கிணற்றுக்கு மூடி போடுவார்கள், அடுப்பு எரியாது, மூன்று வேளையும் அக்கம்பக்கத்துச் சோறு. முறை வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் சொன்ன எந்தச் சொல்லையும் மறுநாள் யாரும் ஞாபகப்படுத்தக்கூடாது. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற ஜோசியர் ராகுகாலம், எமகண்டம், முறை நாள் என்று மூன்றையும் விலக்கினார். சில ஆண்கள் தங்கள் முறை நாளில் தந்திரமாக ஒரு வாய் பீரைக் குடித்துப் பார்த்தார்கள், குடித்தவனுக்கு ஏறாதே என்று. ஏறாததெல்லாம் அந்த வீட்டுப் பெண்கள்மேல் போய் இறங்க, அந்த ஆண்களுக்குத் தெருவே கூடி அபராதம் போட்டது, அதிலிருந்து செங்கழுநீர்த் தெருவில் யாரும் குறுவையைத் தொடுவதில்லை. வெளியே, புதுச்சேரியிலும் கடலூரிலும், எவ்வளவு குடித்தாலும் தலை வலிக்காத பீர், குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் போலீஸ்காரன் ஊதச் சொல்லும் கருவியே அசையாத பீர் என்று குறுவைக்குப் பேர் பரவியது. சனி ஞாயிறுகளில் மில் வாசலில் கார்கள் நின்றன. வந்தவர்கள் குடித்துவிட்டுத் தெருவில் நடந்து, வேப்பிலை செருகிய வீட்டுக்குள்ளிருந்து வரும் பாட்டைக் கேட்டு, எவ்வளவு சந்தோஷமான ஊர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆலை தெருவுக்கு விளக்குப் போட்டது, பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தது, கோயிலுக்குத் தேர்ச்சக்கரம் மாற்றிக்கொடுத்தது. திருக்காமு தெருவில் நடந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றார்கள். அவன் கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு வயல் வரப்பு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினான்.

தனபாக்கியத்தின் முறை நாளில் மட்டும் அவன் ஒரு சொம்பு மோரோடு அவள் வீட்டுக்குப் போவான். அவள் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஜன்னலருகே தையல் மிஷின்மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“தம்பி, ஒண்ணு சொல்லட்டா? யாருகிட்டயும் சொல்லக்கூடாது.”

“சொல்லு அண்ணி.”

“உங்க அண்ணன் இருந்தாரே, கடசி வருசம் அவுர நான் வூட்டுக்குள்ள சேக்கல. வாசல்லதான் படுக்க வச்சன். மழையிலகூட. எதுக்குய்யா இதக் குடிக்கிறன்னு கேப்பன். ‘கொஞ்ச நேரம் நான் நானா இல்லாம இருக்கலாம்டி’ம்பாரு. செருப்பால அடிச்சன் அதுக்கு.” அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. “இப்ப தெரியுது தம்பி. மாசத்துக்கு ஒரு நாளு நான் நானா இல்ல. எம்மாம் சொகமா இருக்குது தெரியுமா? அது தெரிஞ்சிபோச்சேன்னுதான் வெக்கமா இருக்குது. அந்த மனுசன் மூஞ்ச நெனக்க முடியல.”

மோர்ச் சொம்பை ஜன்னலில் வைத்துவிட்டு அவன் திரும்பி நடந்தான். பதினாறு வருஷமாக அவளைத் தூக்கி நிறுத்திய கோபம் ஒன்று இருந்ததே, அதைத்தான் தன் பீர் கரைத்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

நாலு வருஷம் இப்படிப் போன பிறகுதான் சென்னையிலிருந்து ஒரு பெரிய விநியோகக் கம்பெனி வந்தது. தெற்கே மதுரை, மேற்கே கோயம்புத்தூர், வடக்கே விசாகப்பட்டினம் வரைக்கும் குறுவையைக் கொண்டுபோகிறோம், இப்போது ஒரு நாளைக்குப் போவதைப்போலப் பத்துப் பங்கு காய்ச்சுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். வியாழக்கிழமை கையெழுத்து. அந்துவான் இரண்டு நாள் தூங்கவில்லை.

“சாத்தம்பாக்கத்து பீருடா காமு. விசாகப்பட்டினத்துல ஒருத்தன் கேட்டு வாங்கிக் குடிப்பான். நம்ம ரெண்டு பேரும் செத்த பிறவும் குடிப்பான்.”

“தெரு என்னடா ஆவும்?”

“தெருவையே கேப்போம். அவங்க வேணாம்னா வேணாம். எனக்கொண்ணும் இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் தெரு கூடியது. வேண்டாம் என்று சொல்வார்கள் என்று திருக்காமு நினைத்தான்; சொல்லிவிடுவார்கள், தான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்காது என்று நினைத்தான். ஆனால் தெருவுக்குப் பெருமை பிடிபட்டுவிட்டது. ஆலை பெரிதானால் பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போகவேண்டாம், பெண்களுக்கு நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் வரும். போதையை என்ன செய்வது என்பது ஒன்றுதான் கேள்வி. ஏகாம்பரம் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்தார். பத்துப் பங்கு என்றால் ஒரு வீடு தாங்காது, தினம் பத்து வீடு, மூன்று நாளைக்கு ஒருமுறை முறை வரும், உழவு நின்றுவிடும்.

“கடைமடை இருக்குதே,” என்றார் பிறகு.

“என்னா கடைமடை?”

“ஓடைக்கு அந்தாண்ட காலனியில எம்பது வூடு இருக்குது. நம்ம முறை தீந்த பிறவுதான அவங்களுக்கு ஏரித் தண்ணி போவுது, அதுமாரி இதுவும் அங்க போவட்டும். மாட்டுக்குத் தீனின்னு சக்கையக் குடுத்தா வாங்கிக்கப் போறாங்க. நாம சொல்லணும்னு என்ன இருக்குது?”

“அவங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்லியே,” என்றார் தலைமையாசிரியர். “பழக்கப்பட்டவங்கதான்.”

மண்டபத்தில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தனபாக்கியம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். திருக்காமுவுக்கு ரத்தம் காதுக்கு ஏறியது, கோபத்தால் அல்ல. அந்த யோசனை அவனுக்கு நாலு நாள் முன்பே வந்திருந்தது. ஓடைப் பாலத்தில் நின்று காலனி வீடுகளை எண்ணிக்கூடப் பார்த்திருந்தான், எண்பது என்று எண்ணி முடித்துவிட்டு, சும்மா எண்ணினேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டு திரும்பியிருந்தான். இப்போது வேறொருவர் வாயிலிருந்து அது வந்ததும் அவனுக்குள் முதலில் எழுந்தது நிம்மதி. அந்த நிம்மதியை அவன் பார்த்துவிட்டான்.

“ஓடைக்கு அந்தாண்ட எறங்குமான்னு ஒரு தபா பாத்துடலாம்,” என்றான் அந்துவான் மெதுவாக. “கையெழுத்துப் போடறதுக்கு முன்னால.”

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் திருக்காமு பாட்டில் கழுவும் இடத்துக்குப் போனான். அங்கே அஞ்சலாட்சி நாலு வருஷமாக வேலை செய்கிறாள், காலனிக்காரி, இரண்டு பெண் பிள்ளைகள், புருஷன் கட்டட வேலைக்குத் திருப்பூருக்குப் போனவன் தீபாவளிக்குத் தீபாவளி வருவான். அவள் கழுவிய பாட்டிலில் வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு கோடு தெரியாது.

“அஞ்சலாட்சி, மாடு வச்சிருக்க இல்ல?”

“ஒரு பசு இருக்குதுங்கய்யா. சினையா இருக்குது.”

“சக்கை கொஞ்சம் கொண்டுபோ. பாலு நல்லாக் கறக்கும்.” அவனே சாக்கில் அள்ளினான், பிறகு மேலாக ஒரு பிடி எடுத்து, “பாரு, எம்மாம் நயமா இருக்குது,” என்று நீட்டினான். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்கிக்கொண்டாள். முதலாளி கையால் கொடுத்தது என்று அவள் முகம் மலர்ந்ததை அவன் பார்த்தான். அன்று செங்கழுநீர்த் தெருவில் எந்த வாசலிலும் வேப்பிலை இல்லை. விளக்கு வைத்த பிறகு பெண்கள் காற்றாட நின்று பேசினார்கள். ஓடைப் பாலத்திலிருந்து அந்துவான் போன் செய்து, “எறங்குதுடா, எறங்குது,” என்றான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அஞ்சலாட்சி மில்லின் அலுவலக அறை வாசலில் வந்து நின்றாள். துவைத்துக் காயவைத்த சாக்கை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். நெற்றியோரம் சிராய்ப்பு, மஞ்சள் அரைத்துப் போட்டிருந்தாள்.

“ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சிங்க.”

“என்னா?”

“நான் குடிக்கலங்க. எம் புள்ளைங்கமேல சத்தியமா குடிக்கல. பாட்டிலு கழுவறப்ப எப்படியோ ஒரு சொட்டு வாயில பட்டிருக்கும்போல. நேத்து எனக்கு ஏறிப்போச்சிங்க.” அவள் தலை நிமிரவில்லை. “புள்ளைங்களுக்குச் சோறு போட்டுக்கினு இருந்தன். தெருவுல ஓடினன்னு சொல்றாங்க. சீல அவுந்துபோயி… பெரியவ பதிமூணு வயசு, அவதான் பின்னால ஓடிவந்து சுத்திவிட்டாளாம். காலனியே பாத்துச்சிங்க. கம்பெனியில குடிச்சிட்டு வந்துட்டான்னு பேசறாங்க. உங்க கம்பெனிக்குக் கெட்ட பேராயிடும்னு காலையில மொதல்ல ஓடியாந்தன். மன்னிச்சிருங்க. வேலைய விட்டு மட்டும் எடுத்துறாதீங்க ஐயா.”

“பரவால்ல,” என்றான் திருக்காமு. “போ. இனிமே பாத்து நடந்துக்க.”

அவள் கும்பிட்டாள். சாக்கை ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். அவள் காலடிச் சத்தம் படிக்கட்டில் இறங்கி முடியும் வரைக்கும் அவன் தன் வாயிலிருந்து வந்த சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தான். மன்னித்துவிட்டான். அவளை அவன் மன்னித்தேவிட்டான், நல்ல முதலாளி, குரலை உயர்த்தக்கூட இல்லை. ஐந்து நாளும் முப்பத்தைந்து நாளும் நாலு வருஷமும் சேர்ந்து தன்னை எந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கின்றன என்று பார்த்தான். இதற்குக் கீழே இன்னும் ஒரு படி இருந்தால் அதற்கும் தான் இறங்குவோம் என்று தெரிந்ததும் பயந்துபோனான்.

பதினோரு மணிக்குக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அந்துவான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். காகிதங்களை விரித்தபோது திருக்காமு, “இல்லீங்க, பெருசாக்கறதா இல்ல,” என்றான். ஏன் என்றார்கள். “இப்பப் போறதே ஜாஸ்தி,” என்றான். அந்துவான் அவனைத் தனியே இழுத்துப்போய்ச் சட்டையைப் பிடித்தான்.

“தெருவே சரின்னு சொல்லியாச்சி. உனக்கு என்னடா வந்துச்சி?”

“தெரு யார்றா சரின்னு சொல்ல? நான் யாரு?”

“நாலு வருசமா இதே தெருவுக்கு எறங்கிச்சே, அப்ப எங்கடா போச்சி இந்த ஞாயம்?”

“அப்பவும் இல்ல,” என்றான் திருக்காமு. “அதத்தான் சொல்றன்.”

அந்துவான் கையை விட்டான். அன்று போனவன்தான், அதன்பிறகு ஆலைப்பக்கம் வரவில்லை.

திருக்காமு நேராகப் பாட்டில் கழுவும் இடத்துக்கு இறங்கினான். தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டபடி அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், நின்றபடி, இடையில் நிறுத்தாமல்: ஜன்னலில் நின்று பார்த்தது, தெருவின் முறை, மண்டபத்தில் பேசியது, பாலத்தில் எண்ணியது, நேற்று ஐந்து மணிக்குக் கையில் கொடுத்தது. அவள் தண்ணீருக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.

“தெரிஞ்சேவா குடுத்தீங்க?”

“தெரிஞ்சேதான்.”

“நேத்து எத்தினி பேரு குடிச்சாங்க?”

“ஆயிரம் பேருக்கு மேல இருக்கும்.”

“ஆயிரம் பேரு,” என்றாள் அவள். ஒரு பாட்டிலை எடுத்து, கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கவிழ்த்தாள். “காலையில நான் வந்து கும்பிட்டப்ப சொல்லியிருக்கலாமே.”

மன்னித்துக்கொள் என்று கேட்கத்தான் வந்திருந்தான். அந்தச் சொல்லை அவள் காலையில் அவனிடம் செலவழித்துவிட்டிருந்தாள்; அதை இப்போது எடுத்துத் திருப்பி நீட்ட அவனுக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் மில் வாசலில் தெருவைக் கூட்டிச் சொன்னான். இனி எல்லா நாளும் முறை தன் வீட்டுக்குத்தான், குடித்தால் ஏறாது என்பதால் தன் நாக்கில் ஒரு சொட்டும் படாது, ஒரு ஆள் உடம்பு தாங்குகிற அளவுக்குத்தான் இந்த ஆலை காய்ச்சும், அது பத்துப் பெட்டியானால் பத்து, இரண்டானால் இரண்டு. முதல் தடவையாகத் தெரு அவன்மேல் கோபப்பட்டது.

“நாங்க தாங்கலியா? எங்க புள்ளைங்க வேலைக்கு என்னா வழி?” என்றார் தலைமையாசிரியர்.

“ருசி பாக்காம காய்ச்சினா அது பீரா? கழனித்தண்ணி,” என்றார் ஏகாம்பரம். “உனக்கு என் கையால சக்கை குடுக்க மாட்டன் தம்பி. முறையக் கெடுக்கறதுக்கு நான் ஆளு இல்ல.”

தனபாக்கியம் கூட்டத்தின் ஓரத்திலிருந்து கேட்டாள்: “அப்ப எனக்கு இனிமே முறையே வராதா?” அவள் குரலில் இருந்தது நிம்மதியா வேறொன்றா என்று அவனுக்குப் பிடிபடவில்லை, அவளுக்குமே பிடிபட்டிருக்காது. அவள் பதிலுக்கு நிற்காமல் வீட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

வேலை முடிந்து வெளியே வந்த அஞ்சலாட்சி கூட்டத்தைத் தாண்டிப் போகப் பார்த்தாள். பிறகு நின்றாள். சக்கைக் குவியலருகே போய்க் குனிந்து, ஒரு கைப்பிடி அள்ளி, இவ்வளவு போதுமா என்பதுபோல் பார்த்துவிட்டு, இன்னொரு கையாலும் அள்ளினாள். திருக்காமு இரண்டு கையையும் நீட்டினான். அவள் போட்டாள். சூடு ஆறாத சக்கை விரலிடுக்கில் வழிந்தது. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறரை மணிக்கு அது வந்தது. அன்றைய பெட்டிகள் காலையிலேயே ஊருக்குப் போய்விட்டிருந்தன, ஆயிரம் பேருக்குக் குறையாமல். திருக்காமு தள்ளாடி மில் வாசலில் மண்ணில் உட்கார்ந்தான். அழுகை வரும் என்று நினைத்திருந்தான், அதற்குத் தயாராக முகத்தைக்கூடக் குனிந்து வைத்திருந்தான். வந்தது சிரிப்பு. எங்கோ கடற்கரை ஓட்டலில் யாருக்கோ பிறந்தநாள், எங்கோ ஒரு பையனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, எங்கோ நாலு சிநேகிதர்கள் இருபது வருஷம் கழித்துச் சந்தித்திருக்கிறார்கள். அத்தனை பேருடைய சந்தோஷமும் அவனைக் கேட்காமல் அவன் வயிற்றுக்குள் இறங்கிக் குலுங்கிக் குலுங்கி வெளியே வந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தான், மண்ணை அள்ளி வாயில் அடைத்துப் பார்த்தான், நிற்கவில்லை. எதிரே மஞ்சள் பூசிய சிராய்ப்போடு அஞ்சலாட்சி நின்றுகொண்டிருக்க, அவள் முகத்தைப் பார்த்துத் திருக்காமு வாய்விட்டு, தெருவே கேட்க, சிரித்தான்.

அவள், சினை மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று யாரிடமோ சொல்லிவிட்டு, ஓடைப் பாலத்தைப் பார்த்து நடந்தாள். அவள் பாலத்தைத் தாண்டி, வீடுகளுக்கிடையே மறைந்த பிறகும் அந்தச் சிரிப்பு அவள் போன திசையில் போய்க்கொண்டே இருந்தது.